கதவு நிலைக்கு மேலே ஒரு சாமி

கக்கூஸுக்குச் சாமி குடிவந்துவிட்டால் மனுஷன் எங்கே போவான்? கேட்டால் சிரிப்புத்தான் வரும். நாட்றாம்பாளையத்திலிருந்து காட்டுப் பக்கமாக இறங்குகிற மண்ரோட்டில் பாறைக்கொட்டாய் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மழைக்காலம் முழுக்க இதைப் பேசிப் பேசிச் சிரித்தார்கள். தங்கமணியும் சிரித்தவள்தான். சிரித்த வாயை இப்படி அடைத்துப் போடும் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டித் தருகிறோம் என்று ஓசூரிலிருந்து ஒலிவக்கிளை சேவை மையத்துக்காரர்கள் வந்தார்கள். சுவீடன் தேசத்தில் எங்கோ பனிக்குள் இருக்கிற ஒரு சபையார் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையைச் சேர்த்து அனுப்பினார்களாம். பாறைக்கொட்டாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பாறைக்கொட்டாய்ப் பெண்கள் இருட்டில் காட்டுக்குப் போகக் கூடாது என்று அவ்வளவு தூரத்திலிருந்து கவலைப்பட்டார்கள். யார் படுவார்கள் இந்தக் காலத்தில்? சொந்த மச்சான் படமாட்டான்.

வேலையைப் பார்த்துக்கொண்டவர் பிரகாசம். சூப்பர்வைசர் என்று பெயர்தானே ஒழிய, மண்ரோட்டில் லாரி இறங்காமல் நின்றபோது கொத்தனார்களோடு சேர்ந்து ஹாலோபிளாக் கல்லைத் தோளில் சுமந்தவர். வெள்ளைச் சட்டை சிமெண்டாகிவிடும், கவலைப்படமாட்டார். மத்தியானம் தங்கமணி வீட்டில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டால், கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, களியை உருட்டி மென்று பார்க்காமல் முழுங்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

"சார் நம்மாளு ஆயிட்டாரு. களியைக் கடிக்காம முழுங்கறாரு பாரு" என்பாள் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள். அவள் வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ், கொல்லையில் பின்வீட்டுத் திம்மப்பனோடு சண்டை போடும்போது கன்னடம்.

கட்டி முடித்த கடைசி நாள் பிரகாசம் வண்டியில் ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே வெள்ளை டைல்கள். ஒவ்வொன்றிலும் நீலத்தில் ஒரு சிலுவை. சிலுவையைச் சுற்றி ஒலிவக்கிளை. ஒவ்வொரு கக்கூஸ் கதவு நிலைக்கு மேலேயும் அதை அவரே தன் கையால் பதித்தார்.

வெங்கடம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "இது என்னா சார்?"

"நம்ம ஆண்டவரோட அடையாளம்மா. அவரு உங்களப் பாத்துக்குவாரு."

"சாமியா?"

பிரகாசத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்மா. சாமிதான்."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு கதை முடிந்தது. பாறைக்கொட்டாயில் சாமி என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்தச் சாமி, யார் வீட்டுச் சாமி என்ற விசாரணையே கிடையாது. பாறைக்குப் பொட்டு வைத்தால் சாமி, புற்றுக்குப் பால் ஊற்றினால் சாமி. ராகி தின்ன வருகிற ஆனையைக்கூடப் பெரியசாமி என்றுதான் சொல்லுவார்கள். மறுநாளே வெங்கடம்மாள் டைலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமை ஒரு கற்பூரம் கொளுத்தினாள். கக்கூஸுக்குப் போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் சங்கடம் தலைதூக்கியது. சாமி பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி உள்ளே போவது? திம்மப்பன்தான் வழி கண்டுபிடித்தான். தோளில் கிடந்த துண்டை டைல் மேலே போட்டு மூடினான். போய்விட்டு வந்து எடுத்துக்கொண்டான். "அவுரு கண்ண மூடிக்கினாரு. நம்ம வேலைய நாம முடிச்சிக்கினம். யாருக்கும் நட்டமில்ல" என்றான். அன்றிலிருந்து பாறைக்கொட்டாயில் ஒரு கக்கூஸ் மேல் துண்டோ, பழைய பாவாடையோ தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் துண்டு போட்டு மூட முடியாததும் உண்டு. கறி தின்ற நாளில் போகக் கூடாது என்றாள் வெங்கடம்மாள். சாவுக்குப் போய்வந்த தீட்டோடு போகக் கூடாது. பொம்பளைகள் தூரமான நாட்களில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. அந்த நாட்களுக்குத்தான் காடு இருக்கிறதே! பழைய உண்ணிச்செடிப் புதர் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை.

பிரகாசம் மாதம் ஒரு தடவை வருவார். குங்குமத்தைப் பார்த்தார், கற்பூரக் கரியைப் பார்த்தார். கக்கூஸ் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிடுகிற பெண்களை ஃபோனில் படம் பிடித்தார். தன்னைக் கடவுள் பெரிய காரியத்துக்கு உபயோகப்படுத்துகிறார் என்று நினைத்தார், பாவம். ஏன் கும்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமலே பதில் இனித்தது அவருக்கு.

தங்கமணியின் மகள் ஸ்வாதிக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம் ஆகவே ஆகாது. அவள் ஓசூரில் ஃபோன் பாகம் செய்கிற கம்பெனிக்குப் போகிறவள். நாட்றாம்பாளையம் ரோட்டுக்கு விடியுமுன்னே கம்பெனி பஸ் வரும். தலையில் குல்லா, கையில் உறை, காலில் தனிச் செருப்பு போட்டுக்கொண்டு கண்ணாடி அறைக்குள் நின்று வேலை செய்கிற பெண்ணுக்குத் துண்டு போட்டுச் சாமியை மூடுவது என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

"கம்பெனி பாத்ரூம்ல நானு எல்லா நாளும்தான் போறேன். ஒரு சாமியும் வந்து கேக்கல" என்பாள்.

"அங்க சாமி இல்லடி. இங்க இருக்குது."

"அப்ப சாமி இல்லாத எடந்தான் நல்ல எடம்."

"வாயை மூடு கழுத!"

ஐப்பசியில் ஒரு தடவை, தூரமான நாளில், யாரும் பார்க்காதபோது ஸ்வாதி கக்கூஸுக்குள் போய்விட்டு வந்தாள். அந்த வாரமே தங்கமணியின் சினைமாட்டுக்குக் கர்ப்பம் கலைந்தது. நல்ல மாடு; தலைச்சன் ஈத்து. கொட்டகையில் அது நின்று கத்தின கத்தலில் தங்கமணி இரண்டு நாள் சோறு தின்னவில்லை. வெங்கடம்மாள் வந்து மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"உம்பொண்ணு எதுனா தப்புப் பண்ணாளா தங்கமணி?"

தங்கமணி உள்ளே போய் மகளைக் கேட்டாள்; ஆமாம், ஒருதரம் போனேன் என்றாள் ஸ்வாதி. மாட்டு டாக்டர் ஏதோ நோய் என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அன்று சாயங்காலமே அவள் ஒரு பூட்டு வாங்கிவந்து கக்கூஸில் மாட்டினாள். சாவி அவள் இடுப்பில். மகள் தூரமென்று தெரிந்தால் பூட்டு திறக்காது. புருஷன் செல்வம் குருபரப்பள்ளியில் ஒரு தாபாவில் சமையல்காரன். வாரம் ஒருநாள் வருவான். அவனும் வந்து பார்த்துவிட்டு, "பொம்பளைங்க விசயம், நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டான். ஆம்பளைகளுக்கு எது எது பொம்பளைங்க விஷயம் என்று சொல்லவா வேண்டும்!

மார்கழி பிறந்தது. ராகி அறுப்பு முடிந்து போர் போட்டிருந்தார்கள். கர்நாடகா காட்டிலிருந்து ஆனைக் கூட்டம் இறங்குகிற காலம். ஃபாரஸ்ட் ஆட்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, விடியும் வரை யாரும் வெளியே வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வருமே, அதற்கு அவர்களா பதில் சொல்லுவார்கள்?

அன்றைக்குக் கோழி கூப்பிடுகிற நேரம். அடுப்பில் உலை கொதித்தது. தங்கமணி ராகி மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். ஸ்வாதி தலையை வாரிக்கொண்டே வந்து நின்றாள்.

"அம்மா, சாவி குடு."

"என்னாத்துக்கு?"

"என்னாத்துக்கா? அங்க போயி களி கிண்டறதுக்கா கேப்பாங்க? குடும்மா, பஸ்ஸு வந்துரும்."

"நீ தூரம்டி. நேத்துத்தான சொன்ன."

"அய்யோ, சொன்னது தப்பா! இனிமே சொல்லவே மாட்டேன்."

"சொல்லாம போனதாலதான் கன்னு போச்சு."

"மாட்டுக்கு நோவு வந்ததுக்கு நானு என்னா பண்ணுவேன்? ஏம்மா, திம்மப்பண்ணன் நேத்து சொல்லுச்சுல்ல, கூட்டம் ஏரிகிட்ட நிக்குதுன்னு."

"அது ஏரிக்கு அந்தாண்ட. நீ மேட்டுப் பக்கமாப் போ. கல்லும் பாறையுமா கெடக்குது, ஆனை அங்க எதுக்கோசரம் ஏறி வருது?"

"உனக்கு வந்து சொல்லுச்சா?"

"போடி சுருக்கா. களி ஆறுது."

ஸ்வாதி ஃபோன் லைட்டைப் போட்டுக்கொண்டு போனாள். போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போனாள். என்ன முணுமுணுத்தாள் என்று தங்கமணிக்குக் கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அதை யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

பிளிறல் எதுவும் கேட்கவில்லை. ஆனை வந்தால் ஊரே கேட்கிற மாதிரி பிளிறும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? ஒரு கிளை முறிந்தது. அவ்வளவுதான் சத்தம். அப்புறம் "அம்..." என்று ஒன்று. பாதி வார்த்தை. மீதி வரவில்லை.

தங்கமணி ஓடினாள். திம்மப்பன் தகர டின்னைத் தட்டிக்கொண்டு, "ஆனெ! ஆனெ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். யாரோ வெடி கொளுத்தினார்கள். பெரிதாக ஒன்று, இருட்டை விட இருட்டாக, அவசரமே இல்லாமல் மேட்டிலிருந்து இறங்கிப் போனது. மேட்டில்! ஏறாது என்று அவள் சொன்ன மேட்டில்.

ஃபோன் புல்லில் மல்லாந்து விழுந்து மேலே பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் பாறை ஓரமாக ஸ்வாதி கிடந்தாள். தும்பிக்கையால் சுழற்றி வீசியிருக்கிறது. மிதிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோ போலக் கோணிக்கொண்டு கிடந்தது. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ஐயோ தேவுரே, ஏனாய்த்து இது! என்னா ஆச்சு!" என்று திம்மப்பன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தங்கமணி அழவில்லை. கத்தவில்லை. காய்கறி ஏற்றப் போன வேனைத் திருப்பி, கோணிச்சாக்கில் மகளைப் படுக்கவைத்து, அஞ்செட்டி தாண்டி, தேன்கனிக்கோட்டை தாண்டி, கிருஷ்ணகிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்ஸ் ஒருத்தி வந்து, "அம்மா, கையில என்னா அது? குடுங்க" என்று பிடுங்கியபோதுதான் பார்த்தாள். களித் துடுப்பு. மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அத்தனை தூரமும் அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

இடுப்பு எலும்பு நொறுங்கியிருந்தது. தொடையில் பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபோது செல்வம் தாபாவின் எண்ணெய்ச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அழுதான். தங்கமணி அப்போதும் அழவில்லை. சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

பிரகாசமும் அவர் மனைவி கிருபாராணியும் வந்தார்கள். கிருபாராணி ஓசூரில் பள்ளிக்கூட டீச்சர். கூட ஒரு வெள்ளைக்கார அம்மாளும் வந்தாள். உயரம், நரைத்த முடி, சாதாரணப் பருத்திச் சட்டை. பெயர் இங்ரித். சுவீடன் சபையிலிருந்து அந்த வாரம் கக்கூஸ்களைப் பார்க்கத்தான் வந்திருந்தாளாம். விஷயம் கேள்விப்பட்டு பாறைக்கொட்டாய்க்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டாள்.

அவள் ஸ்வாதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டாள். பிரகாசத்தின் முகம் மாறியது.

"என்னா கேக்கறாங்க?" என்றாள் தங்கமணி. ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் பேசின முதல் பேச்சு அதுதான்.

"ஒண்ணுமில்லம்மா. உடம்பு எப்படி இருக்குதுன்னு..."

"அது இல்லங்க. பொய் சொல்லாதீங்க" என்று குறுக்கே வந்தாள் கிருபாராணி. "அக்கா, உங்க வீட்ல டாய்லெட் கட்டிக் குடுத்தோமே, அப்புறம் எதுக்கு உங்க பொண்ணு காட்டுக்குப் போனாங்கன்னு கேக்கறாங்க."

தங்கமணி அந்த அம்மாளைப் பார்த்தாள். இதென்ன கேள்வி? சாமியை அனுப்பி வைத்தவர்களே இப்படிக் கேட்டால்?

"தூரமாயிருந்தாளே" என்றாள். "அதுல சாமி இருக்குது. அந்த நாள்ல எப்படிம்மா உள்ள விடறது? நீங்க குடுத்த சாமிதான. நாங்க சுத்தமாத்தான் வெச்சிருக்கறோம். கறி தின்னா போமாட்டோம். துண்டு போட்டு மூடிட்டுத்தான் போவோம். வெள்ளிக்கெழமை கற்பூரம் கொளுத்தறோம். ஒரு கொறை வெக்கல. ஒருதரம் இவ தெரியாமப் போயிட்டா, மாட்டுக்குக் கன்னு கலைஞ்சிருச்சு. அதான் பூட்டிட்டேன். நாந்தான் பூட்டுனேன். சாவி கேட்டா, நான் குடுக்கல."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சரியாகச் செய்தாய் என்று அந்த அம்மாள் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

கிருபாராணிதான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னாள். துண்டைச் சொன்னாள், கற்பூரத்தைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. இங்ரித்தின் முகத்திலிருந்து ரத்தம் அப்படியே வடிந்துபோனது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிரகாசத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னா கேக்கறாங்க?" என்றாள் தங்கமணி மறுபடியும்.

கிருபாராணி புருஷனைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க."

பிரகாசம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சிலுவையை வெக்கச் சொன்னது யாருன்னு கேக்கறாங்கம்மா."

"யாருன்னா? அவங்கதான?"

"இல்லம்மா. அவங்க சொல்லல. எந்த அடையாளமும் வெக்கக் கூடாதுன்னுதான் அவங்க முதல்லயே சொன்னாங்க. எல்லா ஜனத்துக்கும் பொதுவா இருக்கணும்னு. நாந்தான்... ஆண்டவர் நாமம் இல்லாம ஒரு நல்ல காரியத்த எப்படி முடிக்கறதுன்னு நெனச்சேன். பாத்தா அவங்களும் சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன்."

தங்கமணிக்குச் சட்டென்று புரியவில்லை. யாருமே கேட்கவில்லையா? யாருக்கும் வேண்டாமா? இந்த அம்மாளுக்கு வேண்டாம். சாமி வாய் திறந்து கேட்கவில்லை. பாறைக்கொட்டாயில் ஒருத்தரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒன்றுக்கா இத்தனை நாள் துண்டு போட்டு, பூட்டு போட்டு...

"அப்ப அது சாமி இல்லயா?" என்றாள்.

பிரகாசம் நிமிர்ந்தார். பாவம், அந்த மனுஷனுக்கு இதைவிடக் கொடுமையான கேள்வி உலகத்தில் கிடையாது. இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகுமென்று கட்டிலிலேயே கிடக்கிறது.

"கக்கூஸ் மேல யாராச்சும் சிலுவைய வெப்பாங்களான்னு அன்னிக்கே நான் கேட்டேன்" என்றாள் கிருபாராணி புருஷனிடம். "நம்ம வீட்டு பாத்ரூம்ல வெச்சிருக்கறமா? கேட்டனா இல்லயா? நீ விசுவாசம் இல்லாதவன்னு என்ன ஏசுனீங்க."

இங்ரித் ஏதோ பேச ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசினாள். கிருபாராணி அதையும் சொன்னாள். "பெண்கள் கதவு முன்னால கும்பிடற படம் அவங்க ஊருக்கு வந்துச்சாம். கோயில்ல பெரிசாத் திரையில போட்டாங்களாம். சிலுவை தெரிஞ்சுது, அப்பவே எடுக்கச் சொல்லியிருக்கணும், சொல்லலங்கறாங்க. அந்தப் படத்தப் பாத்து எல்லாரும் சந்தோஷத்துல அழுதாங்களாம். இவங்களும் அழுதாங்களாம். அது மேல எங்களுக்கும் ஆசை வந்துருச்சு, அதனால கேக்காம விட்டுட்டோம்னு சொல்றாங்க."

கும்பிட்ட படத்தில் முன்வரிசையில் நின்றது தங்கமணிதான். சிரித்த முகமாய் நிற்கச் சொன்னார் பிரகாசம், நின்றாள். அவ்வளவு தூரத்து ஜனம் அதைப் பார்த்து அழுததாம்! அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய், அங்கேயிருந்த தொட்டியில் வாந்தியெடுத்தாள்.

மாசி மாதம் ஸ்வாதியை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாராவது தாங்கிக்கொண்டால் நாலு எட்டு வைப்பாள். குத்துக்கால் போட்டு உட்கார இன்னும் ரொம்பக் காலம் ஆகுமாம். கிருபாராணி ஒரு நாற்காலி வாங்கி நடுவில் வட்டமாக அறுத்து, கக்கூஸுக்குள் பீங்கானுக்கு மேலே போடக் கொடுத்தனுப்பியிருந்தாள். கம்பெனியில் ஸ்வாதியின் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஸ்வாதி அதிகம் பேசவில்லை. சாமியைக் கிண்டல் பண்ணின அந்த வாய் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவள் வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை பிரகாசமும் கிருபாராணியும் சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லா டைலையும் பெயர்த்துவிடவேண்டும் என்று சுவீடனிலிருந்து சொல்லிவிட்டார்களாம். சொல்லாவிட்டாலும் பிரகாசமே வந்திருப்பார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். முதலில் தங்கமணி வீட்டு டைலில் உளியை வைத்தார்.

"கைய எடுங்க சார்!" என்று ஓடிவந்தாள் வெங்கடம்மாள். அவள் பின்னால் ஊரே வந்துவிட்டது.

"அம்மா, இது வெறும் டைல்தான். நான் தெரியாம வெச்சிட்டேன்."

"அன்னிக்கு சாமின்னு சொன்னீங்க. இன்னிக்கு டைலுங்கறீங்க. ஒக்கார வெச்சதும் நீங்கதான், இப்ப கெளப்ப வந்ததும் நீங்கதான். நடுவுல நாங்க யாரு சார்? உங்க வீட்டு வேலக்காரங்களா?"

"அது இல்லம்மா, அந்தப் பொண்ணுக்கு ஆனதுக்கப்பறம்..."

"ஆனதுக்கப்பறம் என்னா?" என்றான் திம்மப்பன். "ஆனை எடுத்து வீசுன புள்ள எங்கயாவது பொழைச்சு வந்து பாத்திருக்கீங்களா? மிதிக்காம போச்சே, யாரு தடுத்தாங்க? இந்தச் சாமிதான தடுத்துச்சு. வெளியூருக்காரங்க சொன்னாங்கன்னு இத்தப் பேத்துட்டா, நாளைக்கு ஊருக்குள்ள ஆனை வந்தா நீங்களா வந்து நிப்பீங்க?"

மிதிக்காமல் காப்பாற்றியதற்குப் பிரகாசமும்தான் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். உளியை டைலிலிருந்து எடுத்துவிட்டார். கிருபாராணி ஒவ்வொருத்தராகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினாள். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்கவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கூச்சல்.

வீட்டுக்குள்ளிருந்து ஸ்வாதி கூப்பிட்டாள். "அம்மா."

தங்கமணி உள்ளே போனாள்.

"அம்மா... வந்துருச்சு." ஸ்வாதி கம்பளியைக் காலிடுக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நின்றிருந்தது, இன்றைக்குத்தானா வரவேண்டும்? "எனக்கு அவசரமா வேற வருது. என்னாம்மா பண்றது? வெளிய அத்தன பேரு இருக்கறாங்க. சட்டி எதுனா குடு. இங்கயே போயிக்கறேன்."

பத்தொன்பது வயசுப் பெண். வீட்டு மூலையில், சட்டியில். தங்கமணி மகளின் முகத்தைப் பார்த்தாள். அதுவரைக்கும், மேட்டில் ஃபோன் வெளிச்சத்தில் பார்த்த நொடியிலிருந்து அதுவரைக்கும், உள்ளே இறுகிப்போய்க் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் அறுந்தது.

"சட்டி எதுக்குடி? வா" என்றாள். மகளின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். ஊன்றுகோலை எடுக்கக்கூட நிற்கவில்லை. பாதி நடத்தி, பாதி சுமந்து வெளியே கொண்டுவந்தாள். ஸ்வாதியின் நைட்டியில் பின்பக்கம் கறை. ஊரே பார்த்தது. கூச்சல் அப்படியே அடங்கியது.

"தங்கமணி!" என்றாள் வெங்கடம்மாள். குரல் கீச்சென்று போனது. "என்னா பண்ற? பொண்ணு தூரம்டி!"

"தெரியும்."

"சாமிடி அது!"

"இருக்கட்டும். நான் இல்லன்னு சொன்னனா?"

பிரகாசம் அவசரமாகத் தோளிலிருந்த துண்டை எடுத்து டைலை மூடப் போனார். தங்கமணி அவர் மேல் சீறினாள். "மூடாதீங்க சார். எதுக்கு மூடறீங்க? பாக்கட்டும். எம்பொண்ணுக்கு என்னா ஆச்சுன்னு அவரும் நல்லாப் பாக்கட்டும்."

மகளை உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, முதுகைக் கதவில் கொடுத்து நின்றாள். தலைக்கு நேர் மேலே நீலச் சிலுவை. எதிரே மொத்தப் பாறைக்கொட்டாயும். யார் கிட்டே வந்தாலும் கடித்துக் குதறிவிடுவாள் போல நின்றாள். கிருபாராணி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கமணி தலையைத் திருப்பிக் கதவோடு கேட்டாள்.

"ஆச்சா ஸ்வாதி?"

விசும்பல் கேட்டது.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்பறம் என்னா?"

"பயமா இருக்குதும்மா."

"ஆனை இங்க வராது தங்கம். பட்டப்பகல்டி. அம்மா நிக்கறேன் பாரு."

"ஆனை இல்லம்மா." குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "சாமி. நான் அன்னிக்கி சிரிச்சேன்ல. நீ சொன்னதக் கேக்காம ஒருதரம் உள்ள வந்தேன்ல. அதுக்குத்தான என்ன இப்படிப் பண்ணிச்சு. இப்ப மறுபடியும் வந்துட்டேன். எனக்கு வரமாட்டேங்குதும்மா. என்னைத் தூக்கிட்டுப் போயிடு."

உலகத்திலேயே சாமிக்குப் பயப்படாத ஒரே ஜீவன் என்று தங்கமணி நினைத்திருந்த மகள்! இந்தப் பயத்தைப் பிரகாசம் பதிக்கவில்லை. சுவீடன்காரி பதிக்கவில்லை. உளியை வைத்து இதை எங்கே என்று பெயர்ப்பது?

கதவைத் திறந்து உள்ளே போனாள். ஒருத்தர் நிற்கிற இடம்தான் அது. சுவரோடு ஒடுங்கிக்கொண்டு, நாற்காலியில் நடுங்குகிற மகளின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அடக்கவில்லை. வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று அழுதாள்.

"நீ போடி கண்ணு, பயப்படாம போ" என்றாள். "சாமி கேக்கறதுன்னா என்னைக் கேக்கட்டும். பூட்டுனது நான்தான்."